பறையைக் கீழே வைத்தவர்கள்

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் முதல் சாவு விழுந்த வீட்டுக்கு எழவு கேட்க வந்தவர்களில் சிலர், அந்தச் சாவுக்குக் காரணமான சாராயத்தையே வாங்கிக் குடித்தார்கள். 2024 ஜூன் மாதச் செய்திகளில் இந்தத் தகவல் எங்கோ நடுப்பத்தியில் கிடந்தது. மொத்தச் சாவு அறுபத்தைந்தைத் தாண்டியது. இருநூறு பேருக்கு மேல் கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆஸ்பத்திரிகளில் கிடந்தார்கள். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், ஆட்சியர் மாற்றப்பட்டார், இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் அறிவிக்கப்பட்டது. இவையெல்லாம் தலைப்புக்கு வந்தன. நான் அந்த நடுப்பத்தியிலேயே நின்றுவிட்டேன்.

சாவு வீட்டில் எதற்குச் சாராயம் என்று நகரத்து நண்பர் ஒருவர் கேட்டார். அவர் வளர்ந்த தெருவில் குழியை வேறு யாரோ வெட்டுவார்கள், மேளத்தை வேறு யாரோ அடிப்பார்கள், எரிகிற பிணத்தின் பக்கத்தில் இரவெல்லாம் வேறு யாரோ நிற்பார்கள். தெளிந்த தலையோடு ஒருவன் இந்த வேலைகளைக் காலம் முழுக்கச் செய்ய மாட்டான் என்பது ஊருக்குத் தெரியும். செய்யவைக்கத்தான் சாராயம். எங்கள் தென்னார்க்காட்டுப் பக்கம் சாவு மேளத்துக்கு அப்போதெல்லாம் கூலி பேசுவதில்லை. கொஞ்சம் நெல், ஒரு துண்டு, கொஞ்சம் சில்லறை, குடிக்கச் சாராயம். நெல் குறையும், துண்டு பழசாக இருக்கும், சில்லறைக்குக் கெஞ்ச வேண்டியிருக்கும். சாராயம் மட்டும் குறைவில்லாமல் வரும். ஒரு சமூகத்தின் கையில் பறையைக் கொடுத்த அதே கை, அடுத்த கையில் இதையும் கொடுத்தது. பிறகு அவர்களுடைய சொந்தச் சாவு வீடுகளிலும் அது வழக்கமாகிவிட்டது.

கருணாபுரத்தில் பெரும்பாலும் ஆதிதிராவிட மக்கள் இருக்கிறார்கள். மூட்டை தூக்குகிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், துப்புரவு வேலை செய்கிறவர்கள். உடம்பு வலி தீரக் குடித்தார்கள் என்று எல்லோரும் எழுதினோம். டாஸ்மாக் குவார்ட்டர் விலையில் பாதிகூட இல்லாத விலைக்குப் பாக்கெட் கிடைத்தது என்றும் எழுதினோம். இரண்டும் உண்மைதான். அந்த வலியும் அந்தப் பாக்கெட்டும் அவர்களிடம் எப்படி வந்து சேர்ந்தன என்பதை யாரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. எழுத வேண்டுமென்றால் என் வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் தாத்தா செத்தது எண்பதுகளின் கடைசியில், ஒரு மாசி மாதம். நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு ஊர்த்தெருவில், காலனி ஓடைக்கு அந்தப் பக்கம். ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் அரை மணி நேரத்தில் காலனியிலிருந்து நான்கு பறை வந்துவிடும். வாசலுக்கு எதிரே வைக்கோலைக் கொளுத்தி மேளம் காய்ச்சுவார்கள். அந்தப் புகையைத்தான் சின்ன வயதில் சாவின் வாசனை என்று நினைத்திருந்தேன். அன்றும் வைக்கோல் போட்டு வைத்திருந்தது. மேளம் வரவில்லை.

வெயில் ஏறியபிறகு காலனியிலிருந்து ஒரு பெரியவர் மட்டும் தனியாக வந்தார். துண்டு தோளில் கிடந்தது. ஊர்த்தெருவுக்குள் வரும்போது அது இடுப்பில் இருக்க வேண்டும். எனக்கு அது தெரியாது, என் பெரியப்பாவுக்குத் தெரிந்தது.

"மேளம் எங்கடா?"

"பசங்க முடிவு பண்ணிட்டாங்க ஆண்டே. இனிமே சாவுக்கு அடிக்கிறதில்லன்னு. பெரியவரு மேல எங்களுக்கு மனசுல ஒண்ணுமில்ல."

"சாராயத்துக்கு ஆளு போயிருக்குடா."

"அதுவும் வேணாங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் என் பெரியப்பாவால் தாங்க முடியவில்லை. மேளம் அடிக்காவிட்டால் வேறு ஊரிலிருந்து ஆள் கூப்பிடலாம். சாராயம் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அவரைக் கட்டியிருந்த கயிறே அறுந்துவிட்டது என்று அர்த்தம். தாத்தாவை மேளமில்லாமல் தூக்கினோம். தெருமுனையோடு பெண்களின் ஒப்பாரி நின்றது. அதற்குப் பிறகு சுடுகாடு வரைக்கும் காலடிச் சத்தம் தவிர எதுவும் கேட்கவில்லை. முன்னால் நடந்த பெரியவர்கள் அடிக்கடி திரும்பிப் பார்த்தார்கள். ஊர்த்தெரு பயந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

நான்காம் நாள் காலனிக்குப் போலீஸ் வந்தது. கிணற்று மோட்டார் திருடு போனதாகப் புகார். ஐந்து பையன்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் கழித்து அனுப்பினார்கள். அவர்களில் ஒருவனுக்கு வலது மணிக்கட்டு அதற்குப் பிறகு சரியாகக் கூடவேயில்லை. மோட்டார் எதுவும் திருடு போகவில்லை. அந்தப் புகார் எங்கள் வீட்டிலிருந்து போனது.

காலனிப் பையன்கள் திடீரென்று ரோஷப்பட்டு எடுத்த முடிவு என்றுதான் எங்கள் தெருவில் பல காலம் பேசிக்கொண்டார்கள். அந்த முடிவு எங்கள் மாவட்டத்தில் அவர்களுடைய தாத்தாக்கள் காலத்திலேயே பேசப்பட்டது என்பதைக் கல்லூரிக்குப் போனபிறகே தெரிந்துகொண்டேன். காட்டுமன்னார்கோயில் எல். இளையபெருமாள், தீண்டாமை பற்றி ஆராய மத்திய அரசு 1965-இல் அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர். அந்தக் குழுவுக்கு வெகு காலம் முன்பே அவர் தென்னார்க்காட்டுச் சேரிகளில் நடந்து நடந்து சொன்னது இதுதான்: சாவுக்குப் பறை அடிக்காதே, செத்த மாட்டைத் தூக்காதே. கள்ளக்குறிச்சி அன்று தென்னார்க்காட்டில்தான் இருந்தது. 1993-இல் விழுப்புரத்தோடு போய், 2019-இல் தனி மாவட்டமானது. 'சித்திரை நெருப்பு' என்ற அவருடைய தன்வரலாற்றைப் படிக்கிறவர்களுக்கு, இந்த மறுப்புக்கு மக்கள் கொடுத்த விலை என்ன என்று விளங்கும். கூலி வேலை நின்றது, கடையில் சாமான் கிடைக்கவில்லை, நடக்கப் பாதை இல்லை, கடைசியில் போலீஸ்.

ஒரு வாத்தியத்தைக் கீழே வைத்ததற்கு இவ்வளவு.

வாத்தியத்தைத் தானாகக் கையில் எடுத்தாலும் இதே தண்டனைதான். 2002 மே மாதம் திருச்சி மாவட்டம் திண்ணியத்தில், தொகுப்பு வீடு வாங்கித் தருவதாகப் பெற்ற 2000 ரூபாயை முன்னாள் ஊராட்சித் தலைவர் தரப்பு திருப்பித் தரவில்லை என்று, பணம் கொடுத்த தலித் ஒருவரும் அவருடைய நண்பர்களும் ஊருக்குள் தப்பு அடித்துச் சொன்னார்கள். அவர்களைப் பிடித்து, காய்ச்சிய இரும்பால் சூடு வைத்து, இருவரை ஒருவர் வாயில் ஒருவர் மலத்தைத் திணிக்க வைத்தார்கள். பணம் கேட்டதற்காக இதைச் செய்யவில்லை. ஊராருக்காக அடிக்க வேண்டிய தப்பைத் தனக்காக அடித்ததற்குச் செய்தார்கள். என் பெரியப்பா இன்று இருந்தால் இந்தக் கணக்கை எனக்கு விளக்கியே சொல்லியிருப்பார்.

இப்போது உலகத்துக்கு வருகிறேன். 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் போலீஸ்காரரின் முழங்கால் அழுந்தி அவர் செத்தார். எட்டு நாள் கழித்து, ஜூன் 2, செவ்வாய்க்கிழமை, அமெரிக்க இசைத்துறை ஒரு நாள் வேலையை நிறுத்தியது. அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜமிலா தாமஸ், முன்பு அங்கே இருந்த பிரையானா அக்யமாங் என்ற இரண்டு கறுப்பினப் பெண்கள் கொடுத்த அழைப்பு அது. கறுப்பர்களின் குரலை விற்றுக் கோடி கோடியாகச் சம்பாதித்த தொழில், கறுப்பன் செத்தால் வழக்கம்போல நடக்கக்கூடாது என்றார்கள். பெரிய கம்பெனிகள் கதவை மூடின. ஸ்பாட்டிஃபை சில பாட்டுப் பட்டியல்களில் 8 நிமிடம் 46 விநாடி மௌனத்தைச் சேர்த்தது. சமூக ஊடகத்தில் வெறும் கறுப்புச் சதுரத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள் என்று அதைக் குறை சொன்னவர்களும் உண்டு. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு என் தாத்தாவின் பாடைதான் ஞாபகத்துக்கு வந்தது. அநீதிக்கு எதிராக இசையை நிறுத்துவது என்ற யோசனை அட்லாண்டிக் கரையிலிருந்து நமக்கு வரவேண்டியதில்லை. எங்கள் ஓடைக்கு அந்தப் பக்கம் அது இருந்தது. பங்குச் சந்தையில் விலை இறங்குமோ என்ற கவலைகூட இல்லாத கம்பெனிகள் ஒரு நாள் நிறுத்தின. நாளைக்கு அரிசி இல்லாதவர்கள் நிரந்தரமாக நிறுத்தினார்கள்.

அமெரிக்காவில் நடப்பது நிறவெறி, இங்கே இருப்பது சாதி, இரண்டையும் ஒன்றாகப் பேசலாமா என்ற கேள்வி வரும். 2001-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஐ.நா. நடத்திய இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் இந்திய அரசு இதையே சொல்லிச் சாதியை உள்ளே விடாமல் தடுத்தது. மகாத்மா பூலே 1873-இல் எழுதிய 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1946-இல் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அடிபட்டவர்களுக்கு அந்த ஒற்றுமை தெரிந்திருந்தது. எனக்கு அது போதும்.

அதே 2020, அதே ஜூன். 19-ஆம் தேதி தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தைத் தாண்டிச் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாகத் தந்தையையும் மகனையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். 22-ஆம் தேதி இரவு மகனும், மறுநாள் விடியலில் தந்தையும் செத்தார்கள். தமிழ்நாட்டு வணிகர்கள் கடையடைத்தார்கள். நம் இசைத்துறையிலிருந்து உலகத்தின் காதில் விழுந்த குரல் பாடகி சுசித்ராவுடையது. நடந்ததை ஆங்கிலத்தில் சொல்லி அவர் வெளியிட்ட காணொளியை லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். அதை நம்ப வேண்டாம் என்று சிபிசிஐடி அறிக்கை விட்டது, காணொளி நீக்கப்பட்டது. அதில் விவரப் பிழைகள் இருந்திருக்கலாம். ஒரு பாடகி தனியாகப் பேச நேர்ந்தது என்பதுதான் என் வருத்தம். அவர் பக்கத்தில் நிற்க ஒரு சங்கம் வரவில்லை, ஒரு ஒலிப்பதிவுக் கூடம் ஒரு மணி நேரம் மூடப்படவில்லை.

நம் திரையுலகத்துக்கு நிறுத்தத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. 2018 ஏப்ரல் 8 அன்று காவிரிக்காகவும் ஸ்டெர்லைட்டுக்கு எதிராகவும் வள்ளுவர் கோட்டத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். 2008-இல் ஈழத்தமிழருக்காக ராமேஸ்வரம் வரை போனார்கள். நல்ல காரியங்கள். ஆனால் ஒரு சாதிக்கொலைக்காக, ஒரு லாக்கப் சாவுக்காக அப்படி உட்கார்ந்த நாள் ஒன்றைத் தேடிப் பார்த்தேன், எனக்குக் கிடைக்கவில்லை.

நிறுத்தாதவர்கள் நடுவில், நிறுத்தாமல் பாடியவர் ஒருவர் இருக்கிறார். 2015 ஜூலை 31 அன்று குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில், மதுக்கடையை அகற்றச் சொல்லிச் செல்போன் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் செத்தார். மாநிலம் முழுக்க மதுவிலக்குக் கோரிக்கை கொதித்த நேரம். மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் கோவன் டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடினார். பறையும் நாலு குரலும்தான் அந்தப் பாட்டுக்குப் பக்கபலம். 2015 அக்டோபர் 30 அன்று, விடிவதற்கு முன்பே, திருச்சியில் அவர் வீட்டுக்குப் போலீஸ் போனது. சென்னையிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்த போலீஸ். போட்டது தேசத்துரோகப் பிரிவு, 124ஏ. நவம்பர் நடுவில்தான் ஜாமீனில் வெளியே வந்தார். 2018 ஏப்ரலில் வேறொரு பாட்டுக்காக மறுபடியும் கைது.

1989-இல் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., போலீஸைத் திட்டிப் பாடிய என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவின் கம்பெனிக்கு ஒரு கண்டனக் கடிதம் எழுதியது. கலைச் சுதந்திரத்தின் மீது அரசு கைவைத்ததற்கு உதாரணமாக உலகம் இன்றும் அந்தக் கடிதத்தைச் சொல்கிறது. நம்மிடம் கடிதம் வருவதில்லை, ஜீப் வருகிறது.

இந்த ஜீப்பைக் கருணாபுரத்தில் நிறுத்திப் பாருங்கள். அங்கே சாராயம் விற்ற இடம் கள்ளக்குறிச்சி காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடந்துபோகிற தூரம். ஓராண்டுக்கு முன்பு, 2023 மே மாதம், மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும், கருணாபுரத்துச் சாராயத்தில் இருந்த இதே மெத்தனால் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றிருந்தது. தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தேசத்துக்குத் துரோகம் என்று ஒரு பாட்டை முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து கேட்ட அரசாங்கத்தின் காது, பக்கத்துத் தெருவில் பாக்கெட் கைமாறும் சத்தத்தைக் கேட்கவில்லை. முதல் சாவுகளுக்குக் கள்ளச்சாராயம் காரணம் என்று உறுதியாகவில்லை என மாவட்ட நிர்வாகம் சொன்னது. அந்தச் சில மணி நேரத்தில் இன்னும் எத்தனை பேர் அதைக் குடித்தார்கள்? நான் தொடக்கத்தில் சொன்ன நடுப்பத்தியின் விலை அதுதான்.

மெத்தனால் உடனே கொல்வதில்லை. ஈரலுக்குப் போய் ஃபார்மிக் அமிலமாக மாறுவதற்குப் பல மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. முதலில் பார்வை மங்கும், பிறகு மூச்சு. அந்த இடைவெளிக்குள் ஆஸ்பத்திரிக்குப் போனால் மாற்று மருந்து கொடுத்துப் பலரைக் காப்பாற்றலாம். ஒலிபெருக்கி கட்டிய ஒரு ஆட்டோ தெருத்தெருவாகப் போய், குடித்தவர்கள் எல்லோரும் உடனே வாருங்கள் என்று சொல்வதற்கு அவகாசம் இருந்தது. 2022-இல் தமிழக அரசு தண்டோரா போடுவதைத் தடைசெய்தது. மனிதரை இழிவுபடுத்தும் வழக்கம் என்று சரியாகவே சொன்னார் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, ஒலிபெருக்கியைப் பயன்படுத்துங்கள் என்றும் சொன்னார். அந்த ஒலிபெருக்கி தேவைப்பட்ட நாள் ஒன்று உண்டென்றால் அது 2024 ஜூன் 19.

போலீஸ் வன்முறை என்றதும் நமக்கு லத்தி ஞாபகம் வருகிறது. வராமல் இருப்பதும் வன்முறை என்பதைக் கருணாபுரம் எனக்குக் காட்டியது. எங்கள் ஊரில் திருடு போகாத மோட்டாருக்காகப் போலீஸ் வந்தது. அங்கே இருந்த சாராயத்துக்கு வரவில்லை. ஒரே மக்கள்தான் இரண்டு இடத்திலும்.

செய்திகள் உடனே மலையைக் கைகாட்டின. கல்வராயன் மலையில் காய்ச்சுகிறார்கள், ஊறல் போடுகிறார்கள், பேரல் பேரலாக அழித்தோம் என்று வழக்கமான படங்கள் வந்தன. வெல்லமும் பட்டையும் போட்டு மலையில் காய்ச்சுவது உண்டு. ஆனால் மெத்தனால் ஊறல் பானையில் பிறப்பதில்லை. அது தொழிற்சாலைக் கரைப்பான், லாரியில் வருவது, கணக்கும் உரிமமும் உள்ளது. கீழே நடந்த குற்றத்துக்கு மேலே இருப்பவர்களைக் காட்டுவது சுலபமாக இருந்தது. கல்வராயன் மலையாளிப் பழங்குடிகள் 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் கிடந்தவர்கள். கருணாபுரத்துக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்து, அந்த மலையில் சாலை உண்டா, ஆஸ்பத்திரி உண்டா, பள்ளிக்கூடம் உண்டா என்று அரசைக் கேட்டது. சுதந்திரம் வந்து எழுபத்தேழு ஆண்டு கழித்து.

அந்த மலைகளுக்குப் போலீஸ் போனதே இல்லை என்று சொல்ல முடியாது. பக்கத்துச் சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து அந்த ஊருக்குள் நுழைந்து 18 பெண்களைச் சீரழித்தன. 269 பேர் மீது வழக்கு, 2011-இல் உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை, 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டினார்கள் என்று ஆந்திரப் போலீஸ் சுட்ட 20 தமிழர்களிலும் இந்த மலைத்தொடர்களின் மக்கள் இருந்தார்கள். ஜூன் மாதம் வந்தாலே எனக்கு இப்போது பயமாக இருக்கிறது: வாச்சாத்தி, சாத்தான்குளம், கருணாபுரம், மூன்றும் 19, 20 தேதிகளைச் சுற்றியே தொடங்குகின்றன.

இசைத்தொழில் இதற்கெல்லாம் என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. கறுப்பர்களைக் கும்பலாகக் கொன்ற லின்ச்சிங் கொடுமையைப் பற்றிய 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' பாட்டைக் கறுப்பினப் பாடகி பில்லி ஹாலிடே பதிவுசெய்ய விரும்பியபோது, அவருடைய கம்பெனியான கொலம்பியா பின்வாங்கியது. 1939-இல் கமடோர் என்ற சின்னக் கம்பெனிதான் அதைப் பதிவுசெய்தது. கவிஞர் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டைப் பாடகர் கே.ஏ. குணசேகரன் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனபோது, அதைச் சுமந்தது சினிமாக் கம்பெனி எதுவுமில்லை. கல்லூரி வாசல்களும் கட்சி மேடைகளும் கைக்குக் கை மாறிய கேசட்டுகளும்தான். எங்கள் காலனிப் பையன்கள் அந்தக் கேசட்டை வைத்திருந்தார்கள். ஓடைக்கு இந்தப் பக்கம் அது சாயங்காலங்களில் கேட்கும். என் பெரியப்பா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார்.

2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது, சாவு வீட்டில் பிறந்த கானாவும் பறையும் ராப்பும் ஒன்றாக நின்றன. பா. இரஞ்சித்தின் முயற்சி, தென்மாவின் இசை, அறிவு, இசைவாணி போன்ற குரல்கள். பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் சாதிபேதமற்ற தமிழர் என்ற சிந்தனையிலிருந்து வந்தது. அறிவும் பாடகி தீயும் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' 2021-இல் உலகத்தைச் சுற்றியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அதில் இருக்கிறது. அந்த ஆண்டே ஒரு பத்திரிகை அட்டையில் அறிவின் முகம் இல்லாமல் போனதையும், அடுத்த ஆண்டு மாமல்லபுரம் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே அந்தப் பாட்டு பாடப்பட்டதையும் பார்த்தோம். 2024-இல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், தனக்கு அந்தப் பாட்டிலிருந்து ஒரு பைசாகூட வரவில்லை என்று வெளியே சொன்னார். நிலமில்லாத பாட்டியின் பாட்டு கோடிக்கணக்கில் ஓடியது, பாடியவர்களுக்கே கணக்கு வரவில்லை. நெல்லும் துண்டும் குறைந்த பழைய சாவு வீட்டுக் கணக்கு எனக்கு இதில் தெரிகிறது.

பறையைக் கீழே வைக்க வேண்டும் என்ற இளையபெருமாளின் குரலும், பறையை நிமிர்ந்து எடுத்து அடிக்க வேண்டும் என்ற இன்றைய குரலும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று சிலர் வாதிடுகிறார்கள். தொண்ணூறுகளில் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைக் கையில் எடுத்தார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசான் கற்றுக்கொடுத்துக் கற்றுக்கொடுத்து ஒரு தலைமுறையை உருவாக்கினார், 2025-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இன்று ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் பறை பழகுகிறார்கள். எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் சனிக்கிழமைப் பறையும், எழவு வீட்டு வாசலில் நின்று அடிக்கச்சொல்லி அடித்த பறையும் ஒன்றில்லை. முதலில் ஒரு தலைமுறை அதைக் கீழே வைத்து உதைபட்டதால்தான் அடுத்த தலைமுறையால் அதை மரியாதையாக எடுக்க முடிந்தது. மேடையில் வாசிக்கிறவர்கள் அந்த முதல் தலைமுறையின் பெயரைச் சொல்ல வேண்டும்.

மணிக்கட்டு கூடாத பையனை ஐந்தாறு வருடம் முன்பு ஊரில் பார்த்தேன். அப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். அவர் மகன் ஒரு பறைக்குழு வைத்திருக்கிறான், கோயில் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று போகிறான். எழவுக்கும் போவானா என்று கேட்டேன்.

"எங்க சாவுக்குப் போவான். யாரு வீட்டுச் சாவுக்கும் கூலி பேசித்தான் போவான். குடிக்க மாட்டான், குழுவுல யாரும் குடிக்கக்கூடாது. அதுதான் மொத கண்டிஷன்" என்றார்.

பிறகு அவராகவே கேட்டார்: "உங்க பெரியப்பா எப்புடி இருக்காரு?"

செத்துவிட்டார் என்று சொன்னேன். மேளம் வைத்தீர்களா என்று அவர் கேட்கவில்லை. புகார் எங்கள் வீட்டிலிருந்து போனது அவருக்குத் தெரியுமா என்று நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். மன்னிப்பும் கேட்டிருக்க வேண்டும். இந்தக் கட்டுரையை அவருக்குக் கொடுத்தனுப்புவேன்.

கருணாபுரத்தில் செத்தவர்களில் பலரை ஒரே நாளில் கோமுகி ஆற்றங்கரையில் எரித்தார்கள். கோமுகி கல்வராயன் மலையில் பிறந்து, கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் அணையில் தேங்கி, கள்ளக்குறிச்சிக்கு வருகிற ஆறு. எட்டு மாதம் கழித்து நான் அங்கே போனபோது ஆற்றில் தண்ணீர் அதிகமில்லை. ஊர்க்காரர் ஒருவரிடம், அன்று மேளம் இருந்ததா என்று கேட்டேன். என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார். "எந்த வீட்டுக்குன்னு அடிக்கிறதுங்க?" என்றார்.

வழக்கு இப்போது சிபிஐயிடம் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் 2024 நவம்பர் 20 அன்று அப்படி உத்தரவிட்டது. எதிர்த்துப் போன மாநில அரசின் மனுவை உச்ச நீதிமன்றம் டிசம்பரில் தள்ளுபடி செய்தது. ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் சாராயத்தில் வருமானம் பார்க்கும் அரசு, கள்ளச்சாராயத்துக்கு ஆயுள் தண்டனை என்று சட்டத்தைத் திருத்தியிருக்கிறது. சட்டம் தன் வேலையைச் செய்யட்டும்.

நான் இசைக்காரர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். கோடம்பாக்கத்தில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருப்பவர்களே, சபாவில் பாடுகிறவர்களே, பறையின் தாளத்தைக் கணினியில் ஏற்றி வெற்றிப் பாட்டு செய்கிறவர்களே: அடுத்த ஜூன் 19 அன்று ஒரு நாள் நிறுத்துங்கள். உங்கள் சங்கங்களில் பேசி, எல்லோருமாக நிறுத்துங்கள். கருணாபுரத்துக்கு வாருங்கள், பேட்டி கொடுக்காமல் வாருங்கள். பறை அடிக்கிறவர்களை உங்கள் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து, முழுக்கூலி கொடுத்து அழைத்து வாருங்கள். கோமுகிக் கரையில், செத்தவர்களின் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை, தனித்தனியாக அடிக்கட்டும். அதற்கு எவ்வளவு நேரமானாலும் நின்று கேளுங்கள்.